பெருநிறுவனங்கள் கைமாறும்போது ஒப்பந்தச் சட்டம் செய்வது என்ன?



இத்தகைய பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவதே வழக்கம். பெருநிறுவனங்களை வாங்குவதும் விற்பதும் பற்றிய சட்டத்தை நாம் இன்று பேசவிருக்கிறோம் என்று அறிந்த நண்பர் ஒருவர், "நம்மவர்க்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. பல கோடி ரிங்கிட் கொடுத்து நிறுவனம் வாங்குவோர் இந்த அவையில் மிகுதியாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் வாங்கப்படும் நிறுவனத்தில் வேலை செய்வோர் இருக்கின்றனர். மாக் மண்டின் தொழிற்பேட்டை 1960களிலிருந்து நம் கண்முன்னே வளர்ந்தது. அங்குள்ள தொழிற்சாலைகளின் பெயர்ப்பலகைகள் மாறியதையும் நாம் பார்த்திருக்கிறோம். பலகை மாறும்போது உள்ளே இருப்பவர்க்கு என்ன ஆகிறது என்பதே நம் பொருள்.

சென்ற ஆண்டு அம்மையார் ஒருவர் நம்மிடம் ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஒரே தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் உழைத்தவர். "நிறுவனம் புதிய உரிமையாளரிடம் சென்றுவிட்டது, இணைத்துள்ள நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டுத் தரவும்" என்று அதில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடலாமா, ஐயா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. விடை சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருந்தன. அவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சட்டத்தின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுந்தது. சென்னையில் நெல் மண்டிக்காரரைக் கட்டுப்படுத்திய அதே விதிகள், சில எண் மாற்றங்களோடு இங்கு வந்து சேர்ந்தன. இந்தியச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இங்கே 75ஆம் பிரிவு. ஆயினும் பினாங்கின் கதை சற்று வேறு. 1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின் வழி ஆங்கிலச் சட்டத்தைப் பெற்ற நிலம் இது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் மலாய் மாநிலங்களுக்கே உரியதாக இருந்தது. 1974இல்தான் அது நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அதுவரை மூடா ஆற்றுக்கு அக்கரையில், கெடாவில், செய்த ஒப்பந்தத்திற்கு இந்திய வழிச் சட்டம். இக்கரையில் செய்ததற்கு ஆங்கிலச் சட்டம். ஆற்றைக் கடந்து மாடு வாங்கியவரும் தம்மையறியாமல் சட்டம் மாறியவரே.

இச்சட்டத்தின் அடித்தளம் எளியது. ஒருவர் முன்மொழிகிறார், மற்றவர் அதை ஏற்கிறார், இருவருக்கும் இடையே ஒரு மறுபயன் உண்டு, இருவரும் தம் விருப்பத்தால் இசைகின்றனர், நோக்கம் சட்டத்திற்கு உட்பட்டது. இவ்வளவு இருந்தால் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. ஒரு வாடகை வீட்டுக்கும் ஒரு வங்கிக்கும் சட்டம் கேட்பது இவற்றையே. பெருநிறுவனத்தின் விற்பனை ஒப்பந்தம் பல நூறு பக்கங்கள் ஓடும். விற்பவர் தரும் உறுதிமொழிகள், வாங்குபவர் செய்யும் நுண்ணாய்வு, நிறைவேற வேண்டிய முன்நிபந்தனைகள் என அடுக்கடுக்காக வரும். அத்தனையும் ஒரே கவலையிலிருந்து பிறப்பவை: கையொப்பத்திற்கும் பணம் கைமாறுவதற்கும் இடையில் மாதங்கள் கழியும், அதற்குள் ஒருவர் மனம் மாறினால் என்ன செய்வது?

மனம் மாறுதலைப் பற்றி நம் நீதிமன்றங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. அதற்கு முதன்மைச் சான்றாக அமைந்த வழக்கு பெருநிறுவனம் பற்றியதே அன்று. ஒரு சிறு மருந்தகம் பற்றியது. மருத்துவர் ஒருவர் தம் மருத்துவத் தொழிலை மற்றொரு மருத்துவருக்கு 120,000 ரிங்கிட்டுக்கு விற்க இசைந்தார். வாங்கியவர் 12,000 ரிங்கிட் முன்பணம் தந்தார்; பின்னர்த் தவணைகளாக 84,000 செலுத்தினார்; எஞ்சிய 24,000 ரிங்கிட்டைச் செலுத்தவில்லை. விற்றவர் ஒப்பந்தத்தை முறித்து, பெற்ற 96,000 ரிங்கிட்டையும் தாமே வைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியும் இருந்தது. கூட்டரசு நீதிமன்றம் 1995இல் தந்த தீர்ப்பு, முன்பணம் 12,000 விற்றவர்க்கே உரியது என்றது. தவணைத் தொகைக்கோ, உண்மையில் நேர்ந்த இழப்பைக் காட்டாமல் உரிமை கொண்டாட இயலாது என்றது.

இங்கே நம் மொழியில் உள்ள ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறோம். 'அச்சாரம்' என்ற சொல்லை நம் பாட்டன்மார் மாட்டுச் சந்தையிலும் நிலப் பேச்சிலும் வழங்கினர். அச்சாரம் விலையின் ஒரு பகுதி மட்டுமன்று; பேசியபடி நடப்பேன் என்பதற்கு வைக்கும் பிணை. பேச்சை முறித்தவன் அச்சாரத்தை இழப்பான் என்பது ஊரறிந்த வழக்கு. நீதிமன்றம் 12,000க்கும் 84,000க்கும் இடையே கோடு கிழித்தபோது, முன்னது அச்சாரம், பின்னது வெறும் விலைத் தவணை என்றே பிரித்தது. இன்று நாம் 'டெப்பாசிட்' என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டோம். வீட்டு வாடகைக்குக் கட்டியதும் 'டெப்பாசிட்'. நிலத்துக்குக் கட்டியதும் 'டெப்பாசிட்'. சொல்லை இழந்ததால் வேறுபாட்டையும் இழந்தோம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த மருந்தக வழக்கின் விதி, பிற்காலத்தில் கோடிகள் புழங்கிய வழக்குகளுக்கும் அளவுகோலாயிற்று. கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் தன் நிலத்தையும் இயந்திரங்களையும் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திற்கு 90 மில்லியன் ரிங்கிட்டுக்கு விற்க இருந்தது. வாங்கவிருந்தவர் காலக்கெடுவை நீட்டிக்கக் கேட்டுக் கேட்டு, மேலும் மேலும் முன்பணம் கட்டி, இறுதியில் வாங்காமலே விட்டார். கட்டிய 3 மில்லியன் ரிங்கிட்டையும் அதன் வட்டியையும் விற்பவர் வைத்துக்கொள்ளலாமா? 2018இல் கூட்டரசு நீதிமன்றம் வைத்துக்கொள்ளலாம் என்றது. எல்லா வழக்கிலும் இழப்பை வெள்ளி வெள்ளியாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொகை நியாயமானதா என்பதே கேள்வி. அது நியாயமற்றது என்போரே அதைக் காட்ட வேண்டும் என்று பழைய விதியைத் தளர்த்தியது. இது வணிகர்க்கு உகந்த தீர்ப்பு. எளியவர் வீடு வாங்கும்போது இதே விதி அவருக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

அச்சாரத்தை விட்டுவிட்டு ஓடினால் போதுமா? போதாது என்று சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. உலகமே வேடிக்கை பார்த்த சான்று டுவிட்டர். 2022 ஏப்ரல் 25ஆம் நாள், எலான் மஸ்க் அந்நிறுவனத்தைப் பங்கு ஒன்றுக்கு 54.20 டாலர் வீதம், மொத்தம் ஏறத்தாழ 44 பில்லியன் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தார். நுண்ணாய்வு எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. வாங்குவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நம் ஊர் மளிகைக்கடைக்காரரும் கேட்பார், அவர் கேட்கவில்லை. பின்னர்ப் பங்குச் சந்தை சரிந்தது. போலிக் கணக்குகள் மிகுதி என்று கூறி, ஜூலை 8ஆம் நாள் ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தார். ஒப்பந்தத்தில் முறிவுக் கட்டணமாக 1 பில்லியன் டாலர் குறிக்கப்பட்டிருந்ததால், அதைக் கட்டிவிட்டு விலகலாம் என்று பலர் எண்ணினர். ஆனால் அதே ஒப்பந்தத்தில் வேறொரு பிரிவும் இருந்தது: சொன்னதைச் சொன்னபடியே நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தை நாடும் உரிமை. டுவிட்டர் ஜூலை 12ஆம் நாள் டெலவேர் மாநிலத்தின் சான்சரி நீதிமன்றத்தை அணுகியது. விசாரணை அக்டோபர் 17இல் தொடங்கவிருந்தது. அதற்குமுன் மஸ்க் இசைந்தார். அக்டோபர் 27ஆம் நாள் முழு விலையையும் கொடுத்து வாங்கினார். ஒரு காசும் குறையவில்லை.

சொன்னபடி செய்விக்கும் இந்தத் தீர்வு நமக்கும் புதிதன்று. இழப்பீட்டுப் பணம் போதுமான ஈடாகாத இடத்தில் நீதிமன்றம் செயலையே ஆணையிடலாம் என்பது 1877ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலேயே உண்டு. இரயில்வே நிறுவனத்தின் பங்குகளை விற்க இசைந்தவர் பின்வாங்கினால் விற்கவே கட்டாயப்படுத்தலாம் என்று அது எடுத்துக்காட்டும் தந்தது. அத்தகைய பங்கு எப்போதும் சந்தையில் கிடைப்பதில்லை. அதனோடு வரும் பங்குதாரர் என்னும் நிலையும் வேறு வழியில் கிடைக்காது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு தனிநிவாரணச் சட்டம் அதன் வழித்தோன்றல்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். டுவிட்டர் ஒப்பந்தம் பங்குதாரர்க்கு ஒரு காசும் குறையாமல் நிறைவேறியது. ஊழியர்க்கு? வேலையிழப்போர்க்கான பயன்கள் ஓராண்டுக்குக் குறைக்கப்படமாட்டா என்ற உறுதி அதே ஒப்பந்தத்தில் இருந்தது. அதனுடன், இப்பிரிவு ஊழியர் எவர்க்கும் நேரடி உரிமை எதனையும் தராது என்ற வாசகமும் இருந்தது. வாங்கி முடித்து ஏறத்தாழ ஒரு கிழமையில், நவம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிழந்தனர். ஒப்பந்தம் செய்துகொண்ட இருவர்க்கே அதனால் உரிமையும் கடமையும் உண்டு. அயலார்க்கு இல்லை என்பது ஆங்கில வழிச் சட்டத்தின் பழைய நெறி. நிறுவனத்தை விற்கும் ஒப்பந்தத்தில் தொழிலாளி அயலார். அவர் உழைத்து எழுப்பிய நிறுவனமே விற்பனைப் பொருள். அவர் மட்டும் வெளியார்.

இதைப் புரிந்துகொள்ள, நிறுவனத்தை 'வாங்குவது' என்றால் எதை வாங்குவது என்று கேட்க வேண்டும். இருவகை உண்டு. ஒன்று, பங்குகளை வாங்குவது. மற்றொன்று, நிலம், கட்டடம், இயந்திரம், வணிகம் ஆகிய உடைமைகளை வாங்குவது. 1896இல் இலண்டனில் காலணி செய்து விற்ற ஒருவரின் வழக்கில், நிறுவனம் என்பது அதன் உரிமையாளரிலிருந்து வேறான ஒரு தனி ஆள் என்று பிரபுக்கள் அவை தீர்த்தது. அதன்படி, பங்குகள் எத்தனை கை மாறினாலும் நிறுவனம் என்னும் ஆள் மாறுவதில்லை. நிலமும் அதன் பெயரில். கடனும் அதன் பெயரில். தொழிலாளியின் வேலை ஒப்பந்தமும் அதனோடுதான். வீட்டுக்காரர் மாறாமல் வீட்டுக்காரரின் மாமனார் மாறியது போல என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் வரலாற்றில் இதற்குப் பெரும் சான்று கத்ரி. 1821இல் சிங்கப்பூரில் அலெக்சாண்டர் கத்ரி தொடங்கிய அந்நிறுவனத்தின் தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டினர். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தையில், பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் அதன் பங்குகளைச் சில மணி நேரத்தில் வாங்கிக் குவித்துப் பெரும்பான்மையைப் பெற்றது. 'விடியற்காலைத் தாக்குதல்' என்று பெயர் பெற்ற நிகழ்ச்சி அது. இலண்டனில் காலை என்றால் இங்கே பிற்பகல். பெரட்டில் பெயர் கூப்பிட்டு, மரம் வெட்டி, பால் நிறுத்து, லயத்துக்குத் திரும்பிவிட்ட நேரம். தம் தோட்டத்தின் உடைமையாளர் மாறிக்கொண்டிருப்பதை அங்கு யாரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தாலும் மறுநாள் பெரட்டு மாறியிராது. ஒவ்வொரு பங்கின் விற்பனையும் ஒரு தனி ஒப்பந்தம்; அவற்றில் ஒன்றிலும் தொழிலாளி இல்லை; அவரது வேலை ஒப்பந்தமும் ஒரு வரி கூட மாறவில்லை. அவ்வகையில் பங்கு விற்பனை அவரைக் காத்தது என்றே சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய காலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1950களில் வெள்ளையர் நிறுவனங்கள் பல, நாட்டின் எதிர்காலத்தை ஐயுற்று, தோட்ட நிலத்தையே விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். இங்கே நிறுவனத்தின் பங்கு விற்கப்படவில்லை, நிலம் விற்கப்பட்டது. புதிய நிலக்காரர்க்கும் பழைய தொழிலாளிக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. லயம் நிலத்தோடு போயிற்று. கோயிலும் பள்ளியும் அதே நிலத்தில் நின்றன. தோட்டத் துண்டாடல் என்று நாம் படித்த துயரத்தின் சட்ட முகம் இதுதான். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்குத் தந்த மறுமொழி, ஒப்பந்தச் சட்டம் அறிந்தவர் வியக்கத்தக்கது. அயலாராய் நிற்கும் தொழிலாளி ஒப்பந்தத்துக்குள் வர ஒரே வழி, அவரே வாங்குபவர் ஆவது. நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, தொழிலாளர் தோட்டம் வாங்கினர். கெடாவின் புக்கிட் சிடிம் அவ்வாறு வாங்கிய முதல் தோட்டம். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. துண்டாடல் தலைமுறைக்கு அது காலம் கடந்து வந்த காப்பு.

இன்று உடைமை விற்பனை நடந்தால் தொழிலாளிக்கு உள்ள காப்பு, 1980ஆம் ஆண்டு வேலைநிறுத்தப் பயன் விதிமுறைகளின் 8ஆம் விதி. உரிமையாளர் மாறிய 7 நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனையில் வேலையைத் தொடரப் புதியவர் முன்வர வேண்டும். முன்வராவிடில், வேலை ஒப்பந்தம் முடிந்ததாகக் கருதப்படும். பயன்தொகைக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. முன்வந்து, தொழிலாளி ஏற்றால், பழைய ஊழியக் காலம் புதியதோடு இணைந்து எண்ணப்படும். தக்க காரணமின்றி மறுத்தால் பயன்தொகை இல்லை. தொகையின் கணக்கு இது: ஓராண்டு முடித்து 2 ஆண்டுக்கு உட்பட்ட ஊழியத்திற்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம்; 2 முதல் 5 ஆண்டு வரை 15 நாள்; 5 ஆண்டு கடந்தால் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்டவர்க்குப் பொதுவாக இப்பயன் இல்லை.

ஒப்பந்தம் தராத உரிமையைச் சட்டமன்றம் தந்தது என்று இதைச் சொல்லலாம். தந்த காலம் மிகக் குறுகியது என்பது நம் கருத்து. பல நூறு பக்க ஒப்பந்தத்தைப் படிக்க வாங்குபவர்க்கு மாதக்கணக்கில் நேரமுண்டு. வழக்கறிஞர் குழுவே உண்டு. தொழிலாளிக்குக் கிடைப்பது ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிய ஒரு தாளும், ஏழு நாளுக்குள் அடங்கிய ஓர் அவசரமும். அத்தாளைத் தமிழில் விளக்கிச் சொல்ல நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறோம்?

அந்த அம்மையாரிடம் திரும்புவோம். அவருடைய பழைய சம்பளச் சீட்டையும் புதிய கடிதத்தையும் மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பெயரைப் பார்க்கவில்லை, பெயரை எந்த நிறுவனமும் மாற்றிக்கொள்ளலாம். 2024இல் சைம் டார்பி பிளான்டேஷன், எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது, நிறுவனம் அதேதான். நாம் பார்த்தது பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த பதிவு எண்ணை. எண் ஒன்றாக இருந்தால் பங்கு விற்பனை; முதலாளி மாறவில்லை; புதிய நியமனக் கடிதத்திற்கே தேவையில்லை. எண் வேறாக இருந்தது. ஆகவே உடைமை விற்பனை. கடிதத்தின் நான்காம் பத்தியில், ஊழியக் காலம் கையொப்ப நாளிலிருந்து எண்ணப்படும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியின் விலை, 19 ஆண்டுக்கு 20 நாள் வீதம், 380 நாள் சம்பளம். அன்று ஐந்தாம் நாள்.

அவர் கையொப்பமிடாமல் தொழிலாளர் துறைக்குச் சென்றார். இரு கிழமை கழித்து வேறு கடிதம் வந்தது. நான்காம் பத்தியில் அவர் வேலையில் சேர்ந்த பழைய தேதி இருந்தது. அதன்பின் கையொப்பமிட்டார்.

கேள்விகள் இருப்பின் கேட்கலாம். கடிதங்கள் கொண்டுவந்திருந்தால் அவற்றையும் பார்ப்போம்.